முறை தவறி நகர்ந்த சிப்பாய்

பலகை விளையாட்டுச் சாமான்கள் செய்யும் அந்தக் கம்பெனியில், புகார்களைக் கவனிக்கும் அதிகாரிக்குப் பஞ்சாயத்து என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலோடு சரி. முதலாளியம்மாவிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் பஞ்சாயத்துதான். போனை எடுத்தால் எதிர்ப்பக்கம் கொட்டித் தீர்க்கும்வரை குறுக்கே பேச மாட்டாள். பாதிப் பேர் கடைசியில் தாங்களே சமாதானமாகி, மன்னிப்பும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

கம்பெனியின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. முதலாளியம்மாவின் தாத்தா எலும்பில் கடைந்த சதுரங்கக் காய்கள் மேல்தட்டில். அந்தக் காலத்தில் வந்த புகார்களெல்லாம் நாய்களைப் பற்றியவை. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் நாய் வந்து ராஜாவைக் கவ்விக்கொண்டு போய்விடும். அப்பா காலத்தில் மரத்துக்கு மாறினார்கள். நாய் போய்க் கரையான் வந்தது. ஈரக்காற்றடித்தால் யானைகள் உப்பிப்போய்ப் பெட்டி மூடவில்லை. அதன் பிறகு பிளாஸ்டிக். நாய் தொடவில்லை, கரையான் சீண்டவில்லை, பஞ்சாயத்து மேசையில் வெறுமனே கை கட்டி உட்கார்ந்திருந்த காலம் அது. ஆனால் அந்தக் காய்கள் அழிவேனா என்றன. வாய்க்கால் அடைத்தால் உள்ளே சிப்பாய்கள். ஒருநாள் மீன் கடையில் அறுத்த மீனின் வயிற்றில் மந்திரி இருந்தார். அது பத்திரிகையில் படத்தோடு வந்தது. மந்திரியின் தலைப்பாகையில் கம்பெனியின் முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

முதலாளியம்மா கெமிஸ்ட்டைக் கூப்பிட்டாள். அவர் மெலிந்த மனிதர், எதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். உமி, மாவு, நார், இன்னும் ஏதேதோ செடிகளின் விதைத்தூள் எல்லாம் சேர்த்து ஒரு பசை கண்டுபிடித்திருந்தார். அச்சில் ஊற்றிக் காயவைத்தால் கல் மாதிரி இறுகும். மண்ணில் புதைத்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். காய்கள் மட்டுமல்ல, பலகையும் அதிலேயே செய்தார்கள். புதைத்தால் என்ன ஆகும் என்று கெமிஸ்ட் பலமுறை சோதித்துப் பார்த்தார். வீட்டில் வைத்து விளையாடினால் என்ன ஆகும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் செட்டுகள் கடைக்குப் போய்க் கொஞ்ச நாளில் ஓர் அழைப்பு வந்தது. ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர். நிலம் அளந்து பழகிய குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் கல் நட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார்.

"என் எதிராளியோட சிப்பாய் நகர்ந்திருக்கு."

"செஸ்ல சிப்பாய் நகரத்தானே சார் செய்யும்."

"என் முறையில நகர்ந்திருக்கு."

"அவர் உங்களுக்குத் தெரியாம நகர்த்திட்டாரா?"

"அப்படித்தான் நானும் நினைச்சேன். நினைச்சு, அவன்கூடப் பேச்சு வார்த்தையை நிறுத்திட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவன் ஊர்லயே இல்லை. எதிராளின்னா வேற யாரும் இல்லை, என் பொண்டாட்டியோட தம்பிதான்."

பஞ்சாயத்து நேரில் போனாள். மாடிக் குடியிருப்பு. லிப்ட் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு முழம் கீழே நிற்கும் வகை. கூடத்தில் ஜன்னலை ஒட்டி மேசை, மேசையில் சதுரங்கப் பலகை. மூலையில் சர்வேயர் நிலம் அளக்கக் கருவி ஏற்றிவைத்த பழைய முக்காலி நின்றது; அதன்மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சர்வேயர் உட்காருவார், வெள்ளைக் காய் அவருக்கு. எதிரே, சமையலறை வாசல் பக்கம், மைத்துனர். அவர் பல் டாக்டர், கீழ்த்தளத்திலேயே கிளினிக். சாயங்காலம் கடைசி வாயை மூடச் சொன்ன கையோடு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேலே வந்துவிடுவார்.

சிப்பாயைப் பார்த்ததும் பஞ்சாயத்துக்குச் சொல்ல வந்தது மறந்துபோயிற்று. கறுப்புச் சிப்பாய்தான். ஆனால் ராஜாவை விட உயரமாக இருந்தது. உருண்டையான தலை பிளந்து, அதிலிருந்து இரண்டு இலைகள் எட்டிப் பார்த்தன. அடியில் ஒரு வெள்ளை வேர் புறப்பட்டு, முன்னாலிருந்த கட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. உடம்பே ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது.

"வெளிச்சத்தைப் பார்த்து வருது," என்றாள் பஞ்சாயத்து.

"என்னைப் பார்த்து வருதும்மா," என்றார் சர்வேயர். "ஜன்னல் என் முதுகுக்குப் பின்னாடி. அது கடைசி வரிசைக்கு வந்துட்டா ராணி ஆயிடும். அப்புறம் நான் எங்க போய் முட்டிக்கிறது?"

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "நான் அதைத் தொடவே இல்லை மேடம். தானா முன்னுக்கு வர்ற சிப்பாயை நான் எதுக்குத் தடுக்கணும்?"

"நான் திரையை இழுத்து மூடிப் பார்த்தேன். இவன் வந்து திறந்துட்டான்."

"இருட்டுல எப்படி அத்தான் ஆடுறது?"

"சரின்னு மேசையையே திருப்பிப் போட்டேன். சிப்பாய் பின்னாடி திரும்பிருச்சு. சிப்பாய் பின்னாடி போகக் கூடாது. அது விதி."

"போகலை. திரும்பிப் பார்த்துச்சு. பார்க்கக் கூடாதுன்னு விதி இல்லை."

இப்படி இருவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தபோது, சர்வேயரின் மனைவி சமையலறையிலிருந்து ஒரு கிண்ணமும் ஸ்பூனுமாக வந்தாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தம்பியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கறுப்புக் காய் ஒவ்வொன்றுக்கும் அரை ஸ்பூன் தண்ணீர் விட்டாள். குதிரைக்கு மட்டும் ஒரு ஸ்பூன்.



"நீயா?" என்றார் சர்வேயர்.

"வாடிப்போய்க் கிடந்துச்சு."

"காய் எப்படி வாடும்?"

"எனக்கென்ன தெரியும் உங்க விளையாட்டு. பொட்டு இலை ஒண்ணு துளிர்த்து வாடியிருந்துச்சு. பார்த்துக்கிட்டே போக முடியுமா?"

டாக்டர் குதிரையைக் குனிந்து பார்த்தார். அதன் வாய் லேசாகத் திறந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாக விதைகள் வரிசை கட்டியிருந்தன. சட்டைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தார். "கடைவாய் வரைக்கும் வந்திருக்கு. வரிசை நல்லாத்தான் இருக்கு," என்று முணுமுணுத்தார்.

சர்வேயருக்குக் குதிரையின் பல் முக்கியமாகப் படவில்லை. தன் வெள்ளைக் காய்களைப் பார்த்தார். அவை பெட்டியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே வறண்டு நின்றன. முகம் சுண்டிப்போயிற்று.

"கறுப்புக்கு மட்டும் ஊத்தியிருக்கே."

மனைவி ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் போட்டாள்.

"உன் தம்பின்னா ஊத்துவே. என் சிப்பாய்ங்க எட்டு பேரும் நாக்கு வறண்டு நிக்கிறாங்க."

"அவன் பக்கம் சமையல்கட்டு வாசல்ல இருக்கு. போற வழி. அவ்வளவுதான்."

"ஒரு எட்டு இந்தப் பக்கம் வந்தா என்ன?"

"வரணும்னா 'கொஞ்சம் நகருங்க'ன்னு சொல்லணும். கல்யாணம் ஆன புதுசுல என்ன சொன்னீங்க? ஆட்டம் நடக்கறப்ப வாயைத் திறக்காதேன்னீங்க. திறக்கலை." கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஞ்சாயத்துக்குத் தன் வேலை இப்போது மிகச் சுலபமாகிவிட்டது தெரிந்தது. காய்க்குத் தண்ணீர் ஊற்றுவது தவறான உபயோகம். கம்பெனிக்குப் பொறுப்பில்லை. இதைச் சொல்லிவிட்டு லிப்டில் இறங்கிவிடலாம். ஆனால் சொன்னால், அந்த வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த அம்மாள்தான் காரணம் என்று ஆகிவிடும். சர்வேயர் அதை அளந்து எல்லைக்கல் நட்டுவிடுவார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

"இதுக்கு ஒரு வழி பண்ணலாம்," என்றாள். "சிப்பாய் தானா நகர்ந்தாலும் அதை ஒரு ஆட்டமாவே எடுத்துக்குவோம். டாக்டர் முறையில நகர்ந்தா செல்லும். சார் முறையில நகர்ந்தா, டாக்டர் அடுத்த முறையை விட்டுக்கொடுத்துடணும்."

இருவரும் யோசித்தார்கள். இருவருக்கும் தனக்குத்தான் சாதகம் என்று பட்டது. ஒத்துக்கொண்டார்கள்.

அதன் விளைவு பஞ்சாயத்து எதிர்பார்க்காதது. டாக்டர் காய் நகர்த்துவதையே விட்டுவிட்டார். தன் முறை வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு சிப்பாயைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். அது எப்போது மனது வைக்கிறதோ அப்போதுதான் ஆட்டம் நகரும். விதிப்படி அவரைக் குறை சொல்ல வழியில்லை. சர்வேயர் எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பார், எழுந்து நடப்பார், திரும்பி வருவார். பொழுது நகரவில்லை. ஒருநாள் போக்கிடமில்லாமல் சமையலறைக்குள் போனார். அந்த நேரத்தில் அங்கே அவரைப் பார்த்து மனைவி திடுக்கிட்டுவிட்டாள்.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லை. என் காய்க்கும் கொஞ்சம்..."

"ஸ்பூன் அங்க இருக்கு. கை உங்களுக்கும் இருக்கு."

அவர் ஸ்பூனை நம்பவில்லை. டாக்டரிடமிருந்து ஊசி மருந்து ஏற்றும் குழல் ஒன்று வாங்கி, ராஜாவுக்கும் சிப்பாய்க்கும் பாரபட்சமில்லாமல் ஒரே அளவு தண்ணீர் செலுத்தினார். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், சந்தேகமாக இருந்தால் மதியமும். அடுத்த வாரமே கம்பெனிக்குப் போன் வந்தது.

"ராணி நாறுது," என்றார் சர்வேயர்.

"எவ்வளவு ஊத்தினீங்க சார்?"

"கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன்."

வெள்ளை ராணி அழுகியிருந்தது. ராஜாவின் கிரீடத்தில் பூஞ்சை. யானைகள் தொட்டால் குழைந்தன. வெள்ளைப் படையில் ஒரே ஒரு குதிரை மட்டும் தப்பியது. அது பலகையின் ஓரத்தில், டாக்டரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் மறைந்து நின்றதால், சர்வேயர் அதற்குத் தண்ணீர் விட மறந்துவிட்டார்.

அதற்குள் மற்ற வீடுகளிலிருந்தும் புகார்கள் வரத் தொடங்கின. ஓர் அலுவலகத்தில் ஓய்வறைப் பலகை அடுத்திருந்த காபி இயந்திரத்தைச் சுற்றிப் படர்ந்துவிட்டது. ஊழியர்கள் இலையை விலக்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினார்கள். புது மணத் தம்பதி ஒன்று, எதிரெதிர் மந்திரிகள் வேர் பின்னி ஒட்டிக்கொண்டதால் யார் யாரை வெட்டியது என்று தெரியாமல் பேச்சை நிறுத்தியிருந்தது. முதலாளியம்மா அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"நாம என்ன செடி விக்கிற கடையா? எல்லாத்தையும் திருப்பி எடுங்க. முதல்ல அந்தச் சர்வேயர் வீடு. நானே வர்றேன்."

முதலாளியம்மா, கெமிஸ்ட், பஞ்சாயத்து மூன்று பேரும் வேனில் போனார்கள். கெமிஸ்ட் கூடத்துக்குள் நுழைந்தார், முகர்ந்தார், அப்படியே நின்றுவிட்டார். கறுப்புப் பக்கம் ஒரு சின்னத் தோப்பாகவே இருந்தது. யானைகள் கொடி விட்டிருந்தன. சிப்பாய் முழங்கை உயரம் வளர்ந்து, கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றது.

"என் மாவு," என்றார் கெமிஸ்ட். கண் கலங்கிவிட்டது.

"அதெல்லாம் அப்புறம். பெட்டியில போடுங்க," என்றாள் முதலாளியம்மா.

சர்வேயரும் டாக்டரும் ஒரே நேரத்தில் பலகைக்கு முன்னால் வந்து நின்றார்கள். சிப்பாய் நகர்ந்த நாளிலிருந்து அவர்கள் ஒரே பக்கம் நின்றது அப்போதுதான்.

"ஆட்டம் முடியலைம்மா," என்றார் சர்வேயர்.

"உங்களுக்குப் புதுசா ஒண்ணு தர்றோம் சார்."

"புதுசு எதுக்கு? பாதியில எழுந்தா யார் ஜெயிச்சதுன்னு சாகிற வரைக்கும் இவன் என்னைக் குடைவான்."

"அத்தான்தான் குடைவார்," என்றார் டாக்டர்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சிப்பாய் அசைந்தது. கெமிஸ்ட்தான் முதலில் பார்த்து, கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். வேரின் நுனி பலகையிலிருந்து விடுபட்டு, முன்னால் துழாவியது, கடைசிக் கட்டத்தின் ஓரத்தைத் தொட்டது, பற்றியது. தண்டு மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. சிப்பாய் கடைசி வரிசைக்கு வந்துவிட்டது.

"இப்ப யார் முறை?" என்றாள் பஞ்சாயத்து.

சர்வேயர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சர்வேயரைப் பார்த்தார். காத்திருந்து காத்திருந்து இருவருக்குமே அது மறந்துபோயிருந்தது.

அந்த நேரத்தில் சர்வேயரின் மனைவி கிண்ணத்தோடு வந்தாள். முதலாளியம்மாவைச் சுற்றிக்கொண்டு, கெமிஸ்ட்டின் முழங்கைக்குக் கீழே குனிந்து, கணவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சிப்பாய் இப்போது அவர் பக்கத்தில் இருந்தது.

"தண்ணி ஊத்தணும்," என்றாள். "கொஞ்சம் நகருங்க."

சர்வேயர் அவளைப் பார்த்தார். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, வீடு நிறைய அந்நியர்கள் இருந்தார்கள். அவர் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு நகர்ந்து வழி விட்டார். அவள் சிப்பாய்க்கு ஊற்றினாள். பிறகு அழுகிய ராணியின் மேல்தோலை விரல் நகத்தால் வழித்து எடுத்து, அடியில் ஒரு சொட்டுகூட விடாமல், "இதுக்கு நாலு நாள் தண்ணியே காட்டக் கூடாது," என்றாள்.

"எனக்கு யார் சொன்னா?" என்றார் அவர்.

"கேட்டீங்களா?"

முறை யாருடையது என்று தெரியாததால் பஞ்சாயத்து அதை டாக்டரின் ஆட்டமாகவே கணக்கில் சேர்த்தாள். சிப்பாய் ராணியாக வேண்டும். விதிப்படி சிப்பாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ராணியை வைக்க வேண்டும். கெமிஸ்ட் தண்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார். சிப்பாய் வரவில்லை. பலமாக இழுத்தார். பலகை வந்தது, பலகையோடு மேசையும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. பின்னால் நீண்டு கிடந்த பழைய வேர் பலகையைத் துளைத்து மேசைப் பலகைக்குள்ளும் இறங்கியிருந்தது.

"விட்டுடுங்க," என்றார் டாக்டர். "இருக்கற இடத்துலயே ராணின்னு வச்சுக்குவோம்."

அங்கேதான் அவர் தவறினார். எட்டுத் திசையிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பாயக்கூடிய ராணி கிடைத்துவிட்டது. ஆனால் அதைப் பெயர்த்து எங்கும் கொண்டுபோக முடியவில்லை. மற்ற கறுப்புக் காய்களின் கதியும் அதுதான். யானையைத் தூக்கினால் இரண்டு சிப்பாய்களும் ஒரு மந்திரியும் கூடவே வந்தார்கள். நன்றாக வளர்ந்த படை, ஒன்றும் நகரவில்லை. வெள்ளைப் பக்கம் எதைத் தொட்டாலும் குழைந்தது. ஒன்றைத் தவிர.

சர்வேயர் மூக்குக்கண்ணாடிக் கூட்டை நகர்த்தினார். பின்னால் அந்தக் குதிரை நின்றது. ஒரு சொட்டு தண்ணீர் காணாதது, காய்ந்த சுள்ளி மாதிரி லேசாக இருந்தது. இரண்டு விரலால் எடுத்தார், கொடிக்கு மேலாகத் தாண்டி வைத்தார். டாக்டர் எதையாவது எடுத்துத் தடுக்க வேண்டும். ஒன்றும் எடுபடவில்லை. தன் முறையை விட்டுக்கொடுத்தார். குதிரை மறுபடி தாண்டியது. மூன்றாவது தாண்டலில் கறுப்பு ராஜாவுக்குச் செக். ராஜா தன் இலைகளுக்கு நடுவே, தன் படைகளுக்கு நடுவே, வேரோடு அசையாமல் நின்றார்.

"முடிஞ்சுது," என்றார் சர்வேயர். அவர் நினைத்த அளவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள் மனைவி. "அப்ப உக்காருங்க. நிறைய பேச வேண்டியிருக்கு. மூணாவது மாடியிலேருந்து நம்ம சமையல்கட்டுக்கு ஒரு வருஷமா தண்ணி ஒழுகுது, உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. முதலாளியம்மா பலகையைத் திருப்பிக் கேட்கவில்லை. மேசையையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும், வேனில் இடமும் இல்லை. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தபோது கேட்கத் தைரியமும் இல்லை.

மற்ற வீடுகளிலிருந்து திரும்ப வந்த செட்டுகளைக் கிடங்கில் அடுக்கினார்கள். கிடங்கில் ஜன்னல் இல்லாததால் பெரிதாக ஒன்றும் முளைக்கவில்லை. கெமிஸ்ட் மட்டும் மதியச் சாப்பாட்டு வேளையில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அடுத்து எதில் செய்வது என்று ஒரு கூட்டம் நடந்தது. கண்ணாடி என்றார்கள், உடையும். களிமண், அதற்கும் தண்ணீர் ஆகாது. ஒருவர் சோப்பு என்றார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வளராத, நாறாத, மிதக்காத ஒன்று வேண்டும் என்றாள் முதலாளியம்மா. கடைசியில் இரும்பு என்று முடிவாயிற்று.

முதல் இரும்புச் செட்டைப் பஞ்சாயத்தே சர்வேயர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒரு கையால் தூக்க முடியவில்லை. லிப்டிலிருந்து கதவு வரை இரண்டு இடத்தில் இறக்கி வைத்தாள். கூடத்தில் புது மேசை போட்டிருந்தார்கள். பழைய மேசை பால்கனியில் நின்றது, அதற்குமேல் துணி காயப் போடவும் இடமில்லாமல் இலைகள் மண்டியிருந்தன.

டாக்டர் இரும்புச் சிப்பாயை எடுத்து முகம் சுளித்தார். காய்கள் சில்லிட்டுப்போயிருந்தன. நகர்த்துவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டவேண்டியிருந்தது. மேசைக்கு மூன்றாவதாக ஒரு நாற்காலி வந்திருந்தது. அதில் சர்வேயரின் மனைவி உட்கார்ந்து, மூன்றாவது மாடிக்காரர்கள் கடைசியில் என்ன சொன்னார்கள் என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சர்வேயர் ராஜாவைக் கைக்குள் வைத்துச் சூடு ஏற்றியபடி, "ஆமா, அவன் அப்படித்தான்," என்றார். கவனம் சிதறி, ஒரு யானையைத் தண்டமாக இழந்தார். அடுத்த காயைச் சூடேற்ற எடுத்தார்.

பஞ்சாயத்து டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினாள். லிப்டில் இறங்கும்போது ஆபீஸிலிருந்து போன். ஒரு வீட்டில் ஆட்டத்தின் நடுவே இரும்பு யானை மேசையிலிருந்து காலில் விழுந்துவிட்டதாம். யாருடைய கால், ஆடினவருடையதா வேடிக்கை பார்த்தவருடையதா என்று கேட்டுக்கொண்டே அவள் வேனின் கதவைத் திறந்தாள்.